எழவு விழுந்த வீட்டு வயல்

விடியற்காலை நாலு மணிக்கு உயிர் பிரிந்தால் ஐந்தரைக்குப் பசு கத்த ஆரம்பித்துவிடும். வாசலில் ஒப்பாரி நடப்பது மடி கட்டிப்போன மாட்டுக்குத் தெரியாது. வீட்டுப் பெண்கள் பிணத்தின் தலைமாட்டை விட்டு எழுந்து வர முடியாது. ஆண்கள் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் யாரிடமும் கேட்காமல் கொல்லைப் பக்கமாக வந்து, கன்றை ஊட்டவிட்டு, பாலைக் கறந்து, போனவரின் பெயரிலேயே சொசைட்டியில் ஊற்றிவிட்டு வருகிற ஆள் ஒருவர் காவிரி டெல்டாவில் எந்தத் தெருவிலும் இருப்பார். பெரும்பாலும் அது பக்கத்து வீட்டுப் பெண்ணாகத்தான் இருக்கும்.

சாவுக்குக் கூடுகிற கூட்டத்தைப் பற்றித் தமிழில் எழுத்துக்குப் பஞ்சமில்லை. பறை, பாடை, நெய்ப்பந்தம், கோடித்துணி என்று எல்லாமே பதிவாகியிருக்கிறது. ஆனால் சாகுபடி செய்துகொண்டிருந்தவர் பட்டத்தின் நடுவே போய்விட்டால், நின்ற பயிர் என்ன ஆகிறது? அதற்கு யார் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள், யார் அறுக்கிறார்கள், நெல் விற்ற காசு யார் கையில் வந்து சேர்கிறது? திருவாரூர் மாவட்டத்து ஊர்களில் இதைக் கேட்டுக்கொண்டு போனால், சாவு வீட்டைப் பற்றிப் பேசுவதைவிட அதிக நேரம் பேசுகிறார்கள். கொஞ்சம் கோபமாகவும் பேசுகிறார்கள்.

முதல் மூன்று நாள் கவலையில்லை. எழவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. பங்காளி வீடுகளுக்கும் தீட்டு என்பதால் சோறு மாமன் மச்சான் வழியிலோ, உறவே இல்லாத அண்டை வீடுகளிலிருந்தோதான் வர வேண்டும். முன்பு கஞ்சிப் பானை வந்தது. இப்போது டீ கேனும், சாம்பார் சாதம் நிறைந்த எவர்சில்வர் அண்டாவும் வருகின்றன. பந்தல், நாற்காலி, ஐஸ் பெட்டி எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவர் போன் போட்டுவிடுகிறார். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று அன்றைக்கே வசூலித்துக் கையில் கொடுத்துவிடுகிற ஊர்களும் உண்டு. காசைக் கொடுப்பவர் கணக்குக் கேட்பதில்லை. நாளைக்குத் தன் வீட்டுக்கும் அதே பணம் வரும் என்பதுதான் கணக்கு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகுதான் சங்கதியே.

புகையானுக்குத் துக்கம் தெரியாது

நீடாமங்கலத்துக்குக் கிழக்கே ஓர் ஊர். ஐம்பதைத் தாண்டியவர், கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் மோட்டார் கொட்டகைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. சொந்தமாக ஒன்றரை ஏக்கர். கோயில் நிலத்தில் இரண்டு ஏக்கர், வேறொருவர் பெயரில் இருக்கும் குத்தகையை வாய்ப்பேச்சில் வாங்கிச் செய்தது. கட்டிக்கொடுத்த ஒரு மகள், கல்லூரியில் படிக்கும் ஒரு மகன். பெயர் போட வேண்டாம் என்று அவர் மனைவி கேட்டுக்கொண்டார்.

சம்பா என்பது ஆவணியை ஒட்டி விதைத்துத் தையில் அறுப்பது. சி.ஆர். 1009 மாதிரி நீண்டகால ரகம் 155 நாளாவது வயலில் நிற்கும். அவர் போனபோது பயிர் பொதி கட்டியிருந்தது. அந்தக் கட்டத்தில் தண்ணீர் குறைந்தாலும் ஆபத்து, வடகிழக்கு மழையில் கூடினாலும் ஆபத்து. மழை பெய்தால் ராத்திரியே போய் வடிகால் மடையைத் திறக்க வேண்டும். சுடுகாட்டிலிருந்து திரும்பித் தலை முழுகியவர்களில் இரண்டு பேர் வீட்டுக்குப் போகாமல் நேராக மண்வெட்டியோடு அந்த வயலுக்குப் போனார்கள். அன்றைக்கு அதை யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. மழை அப்படி.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ பயிரின் அடித்தூரில் புகையான் தெரிந்தது. தெளிந்த வெயில் இல்லாமல் மேகமூட்டமாகவே நான்கு நாள் இருந்தால் புகையானுக்குக் கொண்டாட்டம். வட்டம் வட்டமாகப் பயிர் கருகும். தீய்ந்த மாதிரி இருக்கும். வயலின் நடுவே ஒரு வட்டம் தெரிகிறதென்றால் வாரம் பத்து நாளில் பாதி வயல் போய்விடும். செய்ய வேண்டியது என்ன என்று டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: தண்ணீரை வடித்துவிட்டு, எட்டடிக்கு ஒரு பட்டமாகப் பயிரை இரண்டு பக்கமும் ஒதுக்கிப் பிரித்து, காற்றும் வெயிலும் தூரில் படும்படி விட்டு, மருந்தை மேலே தெளிக்காமல் தூருக்கு இறக்க வேண்டும். சொல்வதற்கு இரண்டு வரி. செய்வதற்கு ஏக்கருக்கு நாலைந்து பேர், நீளமான கழிகளோடு, முழங்கால் சேற்றில் வரிசை பிடித்து நடக்க வேண்டும்.

அதைச் செய்தவர்களில் முதல் ஆள், போனவரோடு வரப்புத் தகராறில் ஏழெட்டு வருடமாகப் பேசாமல் இருந்தவர். பக்கத்து வயல்காரர். இதை நெகிழ்ச்சிக் கதையாகச் சொல்லலாம் என்று நினைத்துத்தான் அவரிடம் போனேன். அவர் இடம் கொடுக்கவில்லை.

"அந்த வயல்ல புகையான வுட்டா அடுத்த வாரம் எங்கிட்டதான வரும்? மருந்து வாங்குனது வாங்குனேன், மூணு டேங்க் சேத்து அடிச்சேன். இதுல என்னங்க பெரிய உபகாரம்?"

அவர் சொல்வது உண்மை. கிராமத்து உதவியில் சுயநலம் கலந்துதான் இருக்கிறது. ஒருவர் வயலில் தேங்கும் தண்ணீர் இன்னொருவர் வயல் வழியாகத்தான் வடிய வேண்டும். ஒருவர் விட்ட களைதான் அடுத்தவர் வயலுக்கு விதை. இந்தப் பிணைப்பு அறுந்துபோகாமல் இருப்பதால்தான் பேசாத ஆளும் மருந்து டேங்க்கைத் தூக்கிக்கொண்டு வருகிறார். நகரத்து அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர் செத்தால் நமக்கு எந்த நஷ்டமும் இல்லை. நாம் அங்கே நல்லவர்களாக இருந்துதான் உதவ வேண்டியிருக்கிறது. அது கொஞ்சம் கஷ்டம்.

அமெரிக்காவிலிருந்து ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் அவ்வப்போது சுற்றி வரும். இல்லினாய் மாநிலத்தில் கால்வா என்ற ஊர். 2015 செப்டம்பரில், புற்றுநோய் முற்றிய விவசாயி ஒருவருடைய 450 ஏக்கர் மக்காச்சோளத்தை அக்கம்பக்கத்தார் சுமார் 40 பேர் பத்து அறுவடை இயந்திரங்களோடு வந்து பத்து மணி நேரத்தில் அறுத்து முடித்தார்கள். வடக்கு டகோட்டாவில் பில் கிராஸ் என்கிற விமானி 2005-இல் தொடங்கிய 'ஃபார்ம் ரெஸ்க்யூ' அமைப்பு, நோயாலும் விபத்தாலும் முடங்கிய குடும்பங்களுக்கு விதைப்பும் அறுவடையும் செய்துகொடுப்பதையே வேலையாக வைத்திருக்கிறது. பார்க்கக் கண் நிறைகிறது. ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சாகுபடியாளரின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். ஏக்கரில் சொன்னால் இரண்டுகூட இல்லை. இதை அறுக்க வரிசையாக இயந்திரம் வந்து நிற்க வேண்டியதில்லை. மணிக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாடகை கேட்கும் பெல்ட் வண்டி ஒன்று, ஒரு காலை நேரம், அவ்வளவுதான். இங்கே குடும்பம் மாட்டிக்கொள்கிற இடம் வேறு.

நோட்டில் எழுதிய கடன்

பதினாறாம் நாள் வந்தவர்களில் சிலர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். "அண்ணன் எங்கிட்ட ஒரு அம்பதாயிரம் வாங்கியிருந்தாரு" என்று ஒருவர் ஆரம்பித்தார். அடுத்து உரக்கடை. அடுத்து கைமாற்றாகக் கொடுத்த ஒருவர். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் இருப்பது மனைவிக்குத் தெரியும். தன்னுடைய இரட்டை வடச் சங்கிலி எங்கே அடகு இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

விவசாய வீடுகளில் கடன் கணக்கு பெரும்பாலும் ஆண் தலையில்தான் இருக்கிறது, காகிதத்தில் இருப்பதில்லை. தலை சாய்ந்ததும் கணக்கும் போய்விடுகிறது. கடன் கொடுத்தவர் சொல்வதுதான் தொகை. இந்த இடத்தில் ஒரு பெரியவர் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். உறவு முறையில் அந்த அம்மாவுக்கு மாமா. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, வந்தவர்கள் எல்லாரையும் ஊர்க்காரர்கள் முன்னால் ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். எவ்வளவு, எப்போது, எதற்கு, வட்டி என்ன, பத்திரம் இருக்கிறதா, சாட்சி யார். எழுதி, சொன்னவரிடமே கையெழுத்து வாங்கினார். ஒருவர் நூற்றுக்கு ஐந்து வட்டி என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டு, "கந்துவட்டித் தடைச் சட்டம்னு 2003-லேயே போட்டிருக்கான் தம்பி, நீ சொல்றத நான் எழுதினா நாளைக்கு ஒனக்குத்தான் சிக்கல்" என்றார். அந்த ஆள் அசலை மட்டும் சொன்னார். கடைசியில் பெரியவர் எல்லாருக்கும் ஒரே தேதி கொடுத்தார்: அறுவடை முடியட்டும், அதுவரை இந்த வாசலுக்கு யாரும் வரக் கூடாது.

ஐம்பதாயிரம் என்று ஆரம்பித்தவர் கையெழுத்துப் போடும்போது இருபத்தைந்தாயிரம் என்றாராம்.

இன்னொரு கெடுவும் ஓடிக்கொண்டிருந்தது. மரணத்தை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது 1969-இல் வந்த பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் விதி. கிராமத்தில் பதிவாளர் கிராம நிர்வாக அலுவலர்தான். துக்கம் பதினாறு நாள். மிச்சம் இருப்பது ஐந்து நாள், அதிலும் ஒரு சனி ஞாயிறு வந்துவிடக்கூடும். தாலி இறக்கிய பெண் இத்தனை நாளைக்கு வாசல் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிற வீடுகளில் இந்தக் கெடு சர்வ சாதாரணமாகத் தப்பிப்போகிறது. தப்பினால் தாமதக் கட்டணம், பிரமாணப் பத்திரம், மேல் அதிகாரி அனுமதி என்று அலைச்சல். இறப்புச் சான்றிதழ் இல்லாமல் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் கேட்க முடியாது. வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் பட்டா மாறாது, வங்கிக் கணக்கு திறக்காது, உழவர் பாதுகாப்புத் திட்டத்தின் உதவித்தொகைக்கு எழுதிக்கொடுக்க முடியாது. ஒன்றை விட்டால் எல்லாமே நிற்கும்.

இந்தக் குடும்பத்துக்கு அந்த அலைச்சல் இல்லை. தெருவில் இ-சேவை மையம் வைத்திருக்கிற பையன், காரியத்துக்கு முன்பே மகனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிவை முடித்துவிட்டான். சான்றிதழ் பத்துப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னதும் அவன்தான். எழவு வீட்டுக்கு என்ன எடுத்துக்கொண்டு போவது என்று யோசிக்கிறவர்கள் இதையும் யோசிக்கலாம்.

நெல் யார் பெயரில்?

தை பிறந்தது. அறுப்புக்கு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, ஈரம் காய்வதற்குள், நின்ற நெல்லுக்குள்ளேயே உளுந்தை விசிறிவிடுவது டெல்டா வழக்கம். நெல்லை அறுத்ததும் தாளுக்கு நடுவே உளுந்து தலை தூக்கும். தனி உழவு கிடையாது, தனித் தண்ணீர் கிடையாது, பனியிலேயே விளைந்துவிடும். அந்த நாலு நாள் தவறினால் உளுந்து போச்சு. விதை உளுந்தைப் பக்கத்து வீட்டு அத்தாச்சி தன் வீட்டுக் குதிரிலிருந்து கொடுத்தார். எழவன்று இந்த வீட்டுப் பசுவைக் கறந்ததும் இதே அத்தாச்சிதான். விசிறியது வரப்புத் தகராறுக்காரரின் மகன். கூலி கேட்கவில்லை, ஆனால் விதையை அடர்த்தியாக விட்டுவிட்டான் என்று அந்த அம்மாவுக்கு இன்றைக்கும் குறைதான்.

அறுத்த நெல் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குப் போனபோது கேள்வி வந்தது. சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் பாஸ்புத்தகம் நான்கும் வேண்டும். நான்கும் செத்தவர் பெயரில். நாற்பது கிலோ சிப்பமாக எடை போட்டு, காசைச் சாகுபடியாளரின் வங்கிக் கணக்குக்குத்தான் அனுப்புவார்கள். 2024-25 பருவத்தில் சன்னரகம் குவிண்டாலுக்கு 2,450 ரூபாய், பொதுரகம் 2,405. தனியார் வியாபாரி களத்துக்கே வந்து எடுத்துக்கொள்வார். ஆனால் எழவு வீட்டு நெல் என்றால் விலை தானாகக் குறையும். கொள்முதல் நிலையத்திலோ ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் தகராறு. கொட்டி வைத்துக் காத்திருந்தால் பனி.

பக்கத்து வீட்டுக்காரர் தன் அடங்கலில் இந்த நெல்லையும் சேர்த்துப் போட்டு, தன் கணக்கில் விழுந்த பணத்தை எடுத்து எண்ணிக் கொடுத்தார். சட்டப்படி இது சரியா என்று கேட்டால் சரியில்லைதான். ஆனால் சாகுபடியாளர் பட்டத்தின் நடுவில் இறந்துபோகக்கூடும் என்பதையே யோசிக்காமல் நடைமுறை போட்டால், ஊர் இப்படித்தான் தனக்கு ஒரு வழி வெட்டிக்கொள்ளும். கோயில் நிலத்து இரண்டு ஏக்கர் இதைவிட மோசம். அங்கே செத்தவர் காகிதத்தில் உயிரோடு இருந்ததே இல்லை. அடங்கல் வேறொருவர் பெயரில். பயிர்க் காப்பீடு, நிவாரணம், உதவித்தொகை எதிலும் அவர் விவசாயி கிடையாது.

காகிதத்தில் இல்லாதவர்களின் கணக்கு நமக்குப் புதிதில்லை. 2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்து சம்பா கருகிய வருடம், கருகிய வயலைப் பார்த்து மாரடைப்பில் விழுந்தவர்களும் தற்கொலை செய்துகொண்டவர்களும் டெல்டாவில் ஊருக்கு ஊர் இருந்தார்கள். 2017 ஜனவரி 10 அன்று மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தபோது, தலா மூன்று லட்ச ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது 17 குடும்பங்களுக்கு. விவசாயச் சங்கங்கள் சொன்ன எண்ணிக்கை நூறைத் தாண்டியது. அந்த இடைவெளியில் விழுந்த வீடுகளைத் தாங்கியது அக்கம்பக்கம்தான். தாங்கினார்கள் என்று எழுதும்போதே, அவர்கள் வயலும் கருகித்தான் கிடந்தது என்பதையும் எழுத வேண்டும்.

அக்கம்பக்கம் என்பதற்கும் ஒரு எல்லை உண்டு. ஊர்த் தெருவில் சாவு விழுந்தால் காலனியிலிருந்து ஆள் வர வேண்டும்: பறையடிக்க, குழி வெட்ட, சிதை அடுக்க. காலனியில் சாவு விழுந்தால் ஊர்த் தெருவிலிருந்து எத்தனை பேர் துக்கம் விசாரிக்கப் போகிறார்கள்? இப்போது இளைஞர்கள் சிலர் போகிறார்கள், வாசல் வரைக்கும். அந்த வீடுகளில் தோள் கொடுப்பது மகளிர் குழுப் பெண்கள். கணவனை இழந்தவளின் வாரத் தவணையை மற்ற பெண்கள் பங்கு போட்டுக் கட்டிவிடுகிறார்கள். தவணை வசூலுக்கு வருகிற நுண்கடன் நிறுவனத்து ஆளுக்கு எழவு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தக் கூச்சமிருப்பதில்லை என்பதால் அவர்களுக்கு வேறு வழியும் இல்லை.

இனி, அந்த அம்மாவே அதிகமாகப் பேசிய விஷயம். அறுவடை முடிந்த மறுவாரம் பங்காளி வீட்டிலிருந்து வந்து பேசினார்கள். "நீ பொம்பள, எப்புடி விவசாயம் பாப்ப? நெலத்த எங்கிட்ட வுடு, மாசூல்ல பங்கு தர்றோம். தம்பி படிச்சு முடிச்சதும் வாங்கிக்கிடட்டும்." இதுவும் உதவி என்ற பெயரில்தான் வந்தது. வந்தவர்கள் கெட்டவர்களும் இல்லை. காரியச் செலவுக்குப் பணம் போட்டவர்கள். ஆனால் அப்படிப் போன நிலம் திரும்பி வருவதற்கு எத்தனை காலம் ஆகும் என்பதை டெல்டாவில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நாத்துப் பறிச்சது நானு, நட்டது நானு, களையெடுத்தது நானு. அவரு தண்ணி வச்சாரு, மருந்தடிச்சாரு, நெல்லு போட்டாரு. அத மட்டும்தானேய்யா நான் கத்துக்கணும்? மொத்தமா தெரியாதுன்னு சொல்லிப்புட்டா எப்புடி?"

இந்தியாவில் சாகுபடியாளர்களில் பெண்கள் 2015-16 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 14 சதவீதம். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் எல்லாருக்கும் சம பங்கு. சட்டத்தில் தடை எதுவும் இல்லை. தடை திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே எழவு வீட்டுக்குக் கிடைத்த உதவியை நான் அளப்பது ஒரே ஒரு கேள்வியால்: அடுத்த பட்டத்துக்கு நிலம் யார் கையில் இருக்கிறது? அண்டா நிறையச் சோறு கொண்டுவந்துவிட்டு நிலத்தைக் கொண்டுபோன உறவுகளும் இருக்கின்றன. ஒரு வேளை சோறுகூடக் கொடுக்காமல், மோட்டார் ஸ்டார்ட்டரை எப்படிப் போடுவது, எந்த ஃபியூஸ் அடிக்கடி போகும், எந்த முறைக்கு எந்த மடை என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்த ஆள்களும் இருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு ஸ்டார்ட்டரைப் போடச் சொல்லிக்கொடுத்தது பத்தாம் வகுப்பு படிக்கும் அத்தாச்சியின் பேத்தி.

பங்காளிகளிடம் அந்த அம்மா முடியாது என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து அவர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் போயிருந்தபோது ஜூன் பிறந்திருந்தது, மேட்டூர் திறப்பைப் பற்றித்தான் ஊரே பேசிக்கொண்டிருந்தது. பட்டா மாறி வந்துவிட்டது: அவர், மகன், மகள் மூன்று பேர் பெயரிலும் கூட்டுப் பட்டா. மகளும் மகனும் அம்மா சாகுபடி செய்துகொள்ளட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். குறுவைக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் முதல்முறையாகத் தன் பெயரில் உறுப்பினராகிப் பயிர்க்கடன் கேட்டிருக்கிறார். பழைய கடனை உளுந்து விற்ற காசில் ஒரு பகுதியும் நெல் காசில் மீதியுமாக அடைத்தாகிவிட்டது. சங்கிலி இன்னும் திரும்பவில்லை.

கடனுக்கு இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று அத்தாச்சியின் வீட்டுக்காரர் போட்டுவிட்டார். இன்னொன்றுக்குப் பங்காளிகளிடம் போக முடியாது. யாரிடம் கேட்கப் போகிறீர்கள் என்றேன். பக்கத்து வயலைக் கைகாட்டினார்.

"போடுவாரா?"

"போடுவாரு. ஆனா மொதல்ல அந்த வரப்ப அளக்கணும்பாரு."